பால் டின்னில் அளந்த மழை

தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம்... அதற்கும் மேலே என் குரல். "சித்திரை மாதம் கடும் வெயில். ஆறு குளமெல்லாம் வற்றிப் போகும்!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடக்கும். அன்று மாதிரிப் பாடம் நடத்துவது என் முறை. மாதமும் சித்திரைதான். மெட்ராஸில் அச்சடித்துக் கடல் தாண்டி வந்த புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பே சிரித்தது. ஏன் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரமானது.

பயிற்சி ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த ஊர்ல எப்ப மழை, எப்ப வெயில்னு யாராச்சும் பாத்து எழுதியிருக்கீங்களா?"

அவரே கரும்பலகையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் சொல்ல மாட்டேன். ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து நீங்களே கண்டுபிடிங்க. வருஷக் கடைசியில வந்து எங்களுக்குப் பாடம் நடத்துங்க. அதான் பரீட்சை."

எனக்கு வாய்த்த கூட்டாளி அருளப்பன். அவனுக்கு ரவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடம், எனக்குக் கிள்ளான் பக்கம். ஆளுக்கொரு பால் டின்னை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் குச்சியை விட்டு எத்தனை விரல் தண்ணீர் என்று எழுத வேண்டும்.

தோட்டத்தில் எனக்குப் பேச்சுத் துணையே கிடையாது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்னைச் சமமாக நினைக்க மாட்டார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களோ என்னைக் கண்டாலே பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டால் நானும் நாலு சுவரும்தான். மழை பிடித்துக்கொண்டால் அழுகையே வரும்.

டின் வைத்த பிறகு அப்படியில்லை. ரவாங்கிலும் ஒருத்தன் குனிந்து டின்னைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு ஓடும்...

சனிக்கிழமை இரண்டு பேர் கணக்கையும் என் நோட்டில் ஏற்றுவோம். பார்த்ததும் முதலில் கேட்பான்: "என்ன வாத்தியாரே, ஒங்க பக்கம் எத்தன வெரலு?"

அந்த ஒரு கேள்விக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அவன் இடம் காலி. அடுத்த வாரமும் காலி. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தையே மூடி, எல்லாரையும் ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட அவனுக்கு வழியில்லை.

பரீட்சையன்று கரும்பலகையில் ஊருக்கொன்றாக இரண்டு பத்தி பிரித்து மாதவாரிக் கணக்கை எழுதினேன். சித்திரையில் இரண்டு ஊரிலும் நல்ல மழை. ஐப்பசிக்குப் பிறகு ரவாங் பத்தி வெறுமையாக நின்றது.

"மிச்சத்த குத்துமதிப்பா எழுதிருங்க சார், ஃபெயில் பண்ணிரப் போறாங்க," என்று முன் பெஞ்சிலிருந்து ஒருவர் கிசுகிசுத்தார். அவன் பார்க்காத மழையை அவன் பேரில் எழுத எனக்கு மனசு வரவில்லை. அப்படியே விட்டேன். பாஸ் போட்டார்கள். சந்தோஷப்படத்தான் பக்கத்தில் ஆளில்லை.

இப்போது எந்த ஊரில் மழை என்று ரேடியோவே சொல்லிவிடுகிறது. டின்னும் குச்சியும் யாருக்கு வேண்டும்? நான் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு கிடக்கிறேன்.

நேற்று நல்ல மழை. பழக்கதோஷம், டின்னை வெளியே வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் மூன்று விரல்.

யாரும் கேட்கவில்லை... நானாகத்தான் உங்களிடம் சொல்கிறேன்.