மாடி அறையில் மூன்று நாள்

தஞ்சாவூரில் நர்சுகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்டின் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. நானும் என் கணவரும் உள்ளே போய் உட்கார்ந்ததும் ஏஜென்ட் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை.

"சிஸ்டர், உங்களுக்கு வேகம் முக்கியமா, குடும்பம் முக்கியமா? அதைச் சொல்லுங்க முதல்ல. மத்ததெல்லாம் அப்புறம்," என்றார்.

இரண்டு வழி இருந்தது. வளைகுடா நாடு என்றால் இரண்டு மாதத்தில் விசா வந்துவிடும். நான் மட்டும் போக வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறவரை குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. இங்கிலாந்து என்றால் ஆங்கிலத் தேர்வு, அதன் பிறகு நர்சிங் தேர்வு, அதன் பிறகு வேலை கொடுக்கும் மருத்துவமனை. எல்லாம் கூடி வந்தால் கணவரும் குழந்தையும் என்னோடு வரலாம்.

"அரபு நாடு டவுன் பஸ் மாதிரி சிஸ்டர். கை காட்டுனா நிக்கும், ஏறிக்கலாம். லண்டன் ரிசர்வேஷன் கோச். ஆனா மூணு பேரும் ஒண்ணா உக்காந்து போகலாம்." பிறகு என் கணவரைப் பார்த்து, "சாருக்கு பாஸ்போர்ட் இருக்குல்ல?" என்று கேட்டார்.

என் கணவர் செருப்புக் கடையின் போர்டைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் மீது வழக்கு இருந்தது. குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முந்தைய குறுவை நட்டு இருபது நாள் ஆகியிருந்த சமயம், ஒரு காலையில் வயல்களில் இரும்புக் குச்சிகள் நின்றன. இடுப்பு உயரம். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி, அதற்குக் கீழே பெயின்டில் ஓர் எண். எங்கள் போர்செட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, வரப்பு முனையில் ஒன்று. யார் நட்டார்கள், எப்போது நட்டார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. சேற்றில் ஒரு கால்தடம்கூட இல்லை என்று பேசிக்கொண்டார்கள். பூமிக்கு அடியில் எரிவாயு எடுக்கப் போகிறார்கள், அதற்கு அளந்த அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. "ஒரு கட்சி கையெழுத்துப் போட்டுச்சு, இன்னொரு கட்சி குச்சி நட்டுச்சு. நாம ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி ஓட்டுப் போட்டோம்," என்று என் கணவர் சொல்வார். குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு போய் ஊரே சாலையில் உட்கார்ந்தது. நாற்பது பேர் மேல் வழக்கு. அவர் தினமும் காலை பத்து மணிக்குப் போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். பிடுங்கிய குச்சிகள் ஒரு வாரத்தில் அதே இடங்களில் மறுபடி நின்றன.

வழக்கு இருக்கிறவரை அவருக்குப் பாஸ்போர்ட் வராது. ஆட்சி மாறினால் வழக்கை வாபஸ் வாங்குவார்கள் என்று வக்கீல் சொன்னார். ஆட்சி மாறியும் வாங்காத வழக்குகள் எத்தனை இருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை.

நான் வளைகுடா என்று சொன்னேன். நேர்முகத் தேர்வு நடந்தது. தேறிவிட்டேன். திங்கட்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுங்கள், விசா முத்திரைக்கு அனுப்ப வேண்டும் என்று ஏஜென்ட் போன் செய்தபோது, அந்தத் திங்களுக்கு ஆறு நாள் இருந்தது. என் மகளுக்கு மூன்றரை வயது.

என் கணவரின் அக்கா எங்களோடுதான் இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கணவரை இழந்து பல வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளை இல்லை. நான் போன பிறகு குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்தான். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"திடீர்னு ஒரு நாள் நீ பெட்டியத் தூக்கிட்டுப் போனா புள்ளைக்குக் காய்ச்சல் கண்டுரும். அடுத்த தெருவுல அந்தப் பொண்ணு போனப்ப பாத்தோமே, அந்தப் புள்ள வாசப்படிய விட்டு எந்திரிக்கலையே. இப்பவே பழக்கிடணும்."

"தினமும் டூட்டிக்குப் போயிட்டுத்தானே இருக்கேன் அண்ணி?"

"அது சாயங்காலம் வந்துருவன்னு அதுக்குத் தெரியும். வராம இருக்கணும். பால் மறக்கடிச்சியே, வேப்பிலைய அரைச்சுத் தடவி. ரெண்டு நாள் கத்துனா. மூணாம் நாள் என்ன ஆச்சு?"

மூன்றாம் நாள் மறந்துவிட்டாள். உண்மைதான்.

நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தேன். காரணமே இல்லாமல் காய்ச்சல் அடிக்கிற குழந்தைகளை அங்கே பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் ஒன்றும் இருக்காது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. விசாரித்தால் அம்மா எங்காவது போயிருப்பாள். அதனால் அண்ணி சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. சரியாகப் பட்டதா, அல்லது மறுத்துப் பேசத் தெரியவில்லையா என்று இன்று யோசிக்கிறேன்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். வேறு எங்காவது போய்த் தங்கியிருக்கலாம். அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவள் எப்படி அழுகிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. பசி அழுகை வேறு, வலி அழுகை வேறு, அது என் வேலையில் நான் கற்றது. அதனால் வியாழக்கிழமை காலை பையை மாட்டிக்கொண்டு, அவளுக்கு முத்தம் கொடுத்து, தெருமுனைவரை போனேன். பிறகு கொல்லைப்புறமாகத் திரும்பி வந்து, வெளிப்படிக்கட்டில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, நெல் மூட்டை அடுக்கியிருந்த மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் வீட்டில் நான் இல்லாமல் என்ன நடக்கும் என்பதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. குக்கர் விசில் அடித்தது. அண்ணி யாரிடமோ போனில் சிரித்தார். குழந்தை அங்கும் இங்கும் ஓடுகிற சத்தம் என் காலுக்குக் கீழே கேட்டது. தளத்தில் பாதத்தை வைத்துக்கொண்டு அவள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்கப் பழகினேன். மத்தியானம் ஒரு முறை, "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டாள். "அம்மா தூரமா போயிருக்கு. போன்ல பேசும்," என்றார் அண்ணி. அவள் அழவில்லை. நான் அழுகைக்காகக் காத்திருந்தேன்.

நாலு மணிக்குப் பேசுவதாக ஏற்பாடு. நெல் மூட்டை தெரியாமல் இருக்கப் பின்னால் ஒரு போர்வையைக் கட்டிவிட்டு வீடியோ கால் போட்டேன். திரையில் அவள் முகம் வந்தது. வாயைச் சுற்றிச் சர்க்கரை.

"என்ன பாப்பா சாப்பிட்ட?"

அவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல இருந்தாள்.

"பேசு பாப்பா."

"நீ ரெண்டு வாட்டி பேசுற."

"என்னது?"

"போன்ல ஒரு அம்மா பேசுது. அங்க ஒரு அம்மா பேசுது." அவள் விரலைத் தூக்கினாள். திரையில் அந்த விரல் நேராக மேலே காட்டியது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள்.

நான் போனை அணைத்தேன். கீழே அண்ணி, "சிக்னல் இல்ல. லைன்ல அப்படித்தான் ரெண்டா கேக்கும்," என்று சொல்வது கேட்டது. 

இரண்டாம் நாள் அவள் என்னைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் போனிலும் கிசுகிசுப்பாகத்தான் பேசினேன். அவளும் கிசுகிசுப்பாகவே பேசினாள். மாலையில் என் கணவர் சாப்பாடு எடுத்துக்கொண்டு மேலே வந்தார். கதவு ஓரத்தில் நின்று, "போதும், இறங்கி வந்துரு. எனக்கே ஒரு மாதிரி இருக்கு. செத்தவங்களுக்குப் படையல் வைக்கிற மாதிரி தட்டத் தூக்கிட்டு வரேன்," என்றார்.

"இன்னும் ஒரு நாள்தான். பாதியில இறங்கி வந்தா பட்ட கஷ்டமெல்லாம் வீண்," என்றேன். சொல்லும்போதே அது அண்ணியின் குரல் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணி தூங்கிப்போன நேரத்தில் படிக்கட்டில் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து ஏறி வந்தாள். கதவுக்கு வெளியே நின்றாள். கதவின் கீழே இருந்த இடைவெளியில் பத்துக் கால்விரல் நுனிகள் தெரிந்தன. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கூப்பிட்டால் திறந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கூப்பிடவில்லை. தட்டவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. பிறகு விரல்கள் திரும்பின. இறங்கிப் போய்விட்டாள்.

"மாடில என்ன பண்ணுன?" விழித்துக்கொண்ட அண்ணியின் குரல்.

"அங்க யாருமில்ல."

அன்று சாயங்காலம் பையோடு வாசல் வழியாக வந்தேன். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று கைகளைக்கூட நீட்டிவிட்டேன். அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்ததை அப்படியே சொன்னாள்.

"வாங்க. உள்ள வந்து உக்காருங்க."

என்னை அவள் நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாள். அண்ணி சிரித்துவிட்டார். "பாத்தியா, மூணே நாளு. மரியாதையே வந்துருச்சு. இனிமே நீ நிம்மதியா போகலாம்." நான் சோபாவில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதன் பிறகு அத்தையின் மடியில் போய் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ்போர்ட்டையும் போட்டோக்களையும் கவரில் போட்டு வைத்தேன். தலை சீவிவிடலாம் என்று அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அடுப்படியில் இல்லை. கொல்லையில் இல்லை. பக்கத்து வீட்டில், "இங்க வரலையே" என்றார்கள். அப்போதுதான் அண்ணி கேட்டார், "வாய்க்கால் பக்கம் போயிருப்பாளா?"

அணை திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வாய்க்கால் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கரையோரம் ஓடினேன். மதகில் ஒதுங்கியிருந்த ஆகாயத்தாமரையை என் கணவர் கையால் விலக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் பச்சைப் பயிருக்கு நடுவே சிவப்பாக ஒன்று அசைந்தது. காலையில் அவள் சிவப்புக் கவுன் போட்டிருந்தாள். சேற்றில் முழங்கால்வரை இறங்கி ஓடினேன். பக்கத்தில் போனதும் தெரிந்தது, குச்சியின் துணி. அதில் எழுதியிருந்த எண்ணைப் படித்துக்கொண்டு ஒரு நிமிடம் அங்கேயே நின்றுவிட்டேன். ஏன் படித்தேன் என்று தெரியவில்லை.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் எங்கள் வீடு தெரியும். மாடி அறையின் கதவு சாத்தியிருந்தது. நேற்று நான் அதைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தேன்.

மூட்டைகளுக்குப் பின்னால், நான் மூன்று நாள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு. தெரு முழுக்க அவள் பெயரைக் கூப்பிட்டது அந்த அறைக்கு நன்றாகக் கேட்டிருக்கும். எனக்குத் தெரியும்.

"எவ்வளவு கூப்பிட்டேன். கேக்கலையா உனக்கு?"

கேட்டது என்று தலையாட்டினாள்.

"அப்ப ஏண்டி பேசல?"

வாயிலிருந்து கையை எடுத்தாள். "நீயும் பேசலைல்ல," என்றாள். கோபம் இல்லை. ஒரு விளையாட்டின் விதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தபோது வாசலில் கூட்டம். அண்ணி அழுதுகொண்டிருந்தார். குழந்தைக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டது நான்.

மறுநாள் தஞ்சாவூருக்குப் போனோம். ஏஜென்ட் கவருக்காகக் கையை நீட்டினார். நான் வளைகுடா வேண்டாம், இங்கிலாந்துக்குப் பார்க்கிறேன் என்றேன்.

"சிஸ்டர், சார் கேஸ் முடியாம பாஸ்போர்ட் வராது. பாஸ்போர்ட் வர்றதுக்குள்ள அந்த நாட்டுக்காரன் சட்டத்தை மாத்திடுவான். குடும்பத்தைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க? கையில கிடைச்சதை விடுறீங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை.  "விடுறேன் சார்," என்று மட்டும் சொன்னேன். படி இறங்கும்போது என் கணவர், "என் கேஸால உனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஆங்கிலத் தேர்வை ஒரு முறை எழுதி, எழுத்துப் பகுதியில் தோற்று, மறுபடி எழுதித் தேறிவிட்டேன். வழக்கு வாய்தாவில் ஓடுகிறது. நான் செய்தது சரியா என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டுக்கொள்கிறேன், அதுவும் என்னோடு படித்தவள் யாராவது வளைகுடாவிலிருந்து போட்டோ அனுப்புகிற நாட்களில். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என்னை மறுபடி நீ, வா, போ என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த மூன்று நாளைப் பற்றி அவள் பேசியதே இல்லை. நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் அவள் சத்தம் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் நான் இப்போது கூப்பிடுவதில்லை. கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன்.