குறைந்துபோன சங்கிலிப் பறிப்புகள்

மகள் வேலைக்காகச் சென்னைக்குப் போனதிலிருந்து அந்த ஊரின் குற்றச் செய்திகளை ஒன்றுவிடாமல் படித்துவருகிறேன். போர்ட் பிளேரில் உட்கார்ந்துகொண்டே, சென்னையில் எந்தப் பக்கம் செல்போன் பறிக்கிறார்கள், கோலம் போடும் நேரத்தில் எந்தத் தெருவில் சங்கிலி அறுக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆபீசுக்குக் கிளம்பும்முன் போன் போட்டு அவளுக்கு வாசித்துக்காட்டுவேன். "உனக்கு ஏதாவது ஒண்ணு ஆகட்டும், அடுத்த ஜஹாஜ்லயே இங்க வந்துடணும்" என்று முடிப்பேன். கப்பலை இங்கே எல்லோரும் ஜஹாஜ் என்றுதான் சொல்வோம். "சரிம்மா" என்பாள். அந்த வேலை அவளுக்கு உயிர்.

போன மாதம் லீவில் வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. சங்கிலியை ஹாஸ்டல் பெட்டியில் பூட்டிவைத்திருப்பதாகச் சொன்னாள். பரவாயில்லை, என் பேச்சைக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமைதான்.

எங்கள் ஊர் டாலிகஞ்ச் கடைகளில் சாமான் வாங்கிக்கொண்டு மேடு ஏறிக்கொண்டிருந்தோம். பக்கத்துவீட்டு பெங்காலிக்காரர் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "ஆவோ பேட்டி, பைட்டோ" என்று இந்தியில் அவளை ஏறி உட்காரச் சொன்னார். எங்கள் ஊரில் இது தினமும் நடப்பது. பஸ் குறைவு, மேடு அதிகம். தெரியாதவர் நிறுத்தினாலும் ஏறி உட்கார்ந்துகொள்வோம். இவள் பாதி நாள் பள்ளிக்கூடம் போனதே அப்படித்தான்.

மகள் சட்டென்று என் பின்னால் ஒதுங்கி, இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

வீட்டில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது சொன்னாள். "பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருந்தேம்மா. ஹெல்மெட் போட்ட ஒருத்தன் பைக்கை நிறுத்துனான். லிஃப்ட் குடுக்கத்தான் நிறுத்துறான்னு நெனச்சு, நானே சிரிச்சுக்கிட்டே கிட்டப் போனேன்."

எத்தனையோ சொல்லி அனுப்பினேன். பைக்கை நிறுத்தினால் கிட்டப் போகாதே என்று மட்டும் சொல்லவில்லை. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

"போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னா உனக்குத் தெரிஞ்சுடும். அடுத்த ஜஹாஜ்ல கூப்டுக்குவே."

அழுகை வரவில்லை. கோபமாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தேன்.

"நான் திரும்பிப் போலாமாம்மா?"

"போ" என்றேன்.

கப்பல் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், பழக்கதோஷத்தில் செல்போனை எடுத்துச் செய்தியைப் பார்த்தேன். சென்னையில் சங்கிலிப் பறிப்பு குறைந்திருக்கிறதாம். அம்மாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட பெண்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.