ஆவூர் மழைமானியில் நாலு மில்லிமீட்டர்

மேகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வேலியில் மோதுகிற மனிதர் ஆவூரில் ஒருவர்தான்: ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் இருதயநாதன். காலைப் பூசை முடிந்ததும், கையில் ஜெபமாலையோடு, கோயில் வளாகத்தில் தாம் நட்டு வைத்த மழைமானிக்குப் போவார். எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் தப்பியதில்லை. "வானத்தை எழுதுனது ஆண்டவரு. எழுத்துக்கூட்டி வாசிக்கிறதுதான் நம்ம வேலை" என்பார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

இந்த வருஷம் ஐப்பசியிலும் ஒரு சொட்டு விழவில்லை. மழை கேட்டுக் கோயிலில் ஒன்பது நாள் வேண்டுதலாக நவநாள் வைத்தார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவை ஜெரால்டு வந்து நின்றார்.

"நாங்க வேண்டுறோம், நீங்க அளக்குறீங்க. ஆண்டவரையே சோதிக்கிற மாதிரியில்ல இருக்கு சார்? ஒம்பதாம் நாளோட அந்த மானியை எடுத்துருங்க."

அடேயப்பா, என்ன வாய்! வாத்தியார் சுருண்டு போனார். அந்த மழைமானி இல்லாத காலையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒன்பதாம் நாள். வானத்தில் மருந்துக்கும் மேகம் கிடையாது. மழைமானியில் மட்டும் தண்ணீர்! அளந்தார்: நாலு மில்லிமீட்டர். கால் தரையில் பாவவில்லை. கண்ணை மூடினார். கண்மாய் தளும்பியது, தவளை கத்தியது, மண்வாசனைகூட வந்துவிட்டது. அப்படியே வெகுநேரம் நனைந்துகொண்டு நின்றார்.

கண்ணைத் திறந்தால் காலடியில் புழுதி. விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. மழைக்கு ஏது உப்பு? சாமியார் உப்புப் போட்டு மந்திரிக்கிற தீர்த்தத்துக்குத்தான் அந்த ருசி.

பின்னால் மனைவி சந்தனமேரி, காலிப் புட்டியோடு.

"மானி வாய் காஞ்சு கெடந்துச்சுங்க, பாவமா இருந்துச்சு. வயலுக்கும் கெணத்துக்கும் தெளிக்கிறோம், இதுக்கு ஊத்தக் கூடாதா?" புட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். "இதை எடுத்துட்டா நீங்க என்னத்துக்கு ஆவீங்க? நாலுன்னே எழுதிருங்க."

எழுதினால் ஊரே கூத்தாடும், மழைமானியும் பிழைக்கும். பேனாவைத் திறந்தார்.

"அவரு எழுதாததை நான் எப்படி எழுதுவேன் சந்தனம்?" என்றவர், பூஜ்யம் போட்டார்.

ஜெரால்டு வந்து நோட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"தண்ணி இருக்கே சார்?"

"தீர்த்தம்ப்பா. மழை இல்ல."

ஜெரால்டு நோட்டை மூடி அவரிடம் கொடுத்தார்.

"நாலுன்னு போட்டிருந்தா இந்நேரம் புதுமைன்னு நானே கோயில் மணியடிச்சிருப்பேன்" என்றார். "இருக்கட்டும் சார், எடுக்க வேணாம். நாளைக்கே பெய்ஞ்சாலும் நீங்க சொன்னாத்தான் ஊரு நம்பும்."

இருதயநாதன் தீர்த்தத்தைச் செடிக்கு ஊற்றினார். பாத்திரத்தைத் துடைத்து, வெறுமையாக, மறுபடியும் வானத்துக்குக் கீழே வைத்தார்.