என் மாமனாரைக் கைது செய்யாத போலீஸ்

என் மாமனார் மிதவாதி. வெள்ளைக்காரன் ஒருநாள் போய்விடுவான், இலக்கணப் பிழை இல்லாமல் கேட்டுக்கொண்டால் இன்னும் சீக்கிரம் போய்விடுவான் என்று நம்பியவர். ஹைகோர்ட் வக்கீல். பம்பாய் மாதுங்காவில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரைப் போலவே கோட்டும் தலைப்பாகையுமாக நாலைந்து பேர் கூடி கவர்னருக்கு மனு எழுதுவார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், கல்யாணமாகி வந்த மூன்றாம் வாரமே நகல் எடுக்கும் வேலை என்னிடம் வந்துவிட்டது. 'பணிவுடன்' போதுமா, 'மிகப் பணிவுடன்' என்று எழுத வேண்டுமா என்று ஒரு மத்தியானம் முழுக்க வாதம் நடந்தது. 'மிக' ஜெயித்தது. மாமியார் அதற்குள் மூன்று தடவை காபி போட்டிருந்தார்.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டார்கள். மாமனாருக்கு அந்தப் போராட்டம் பிடிக்கவில்லை, அவசரம் என்றார். ஆனால் எல்லாரும் உள்ளே போகும்போது தான் மட்டும் வெளியே இருப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. சீட்டாட்டத்தைத் தவிர வேறெதிலும் சேராத கீழ்வீட்டுக்காரரைக்கூட வேறு யாரோ என்று நினைத்துப் போலீஸ் பிடிக்க, தெருவே கூடி மாலை போட்டு அனுப்பியது. மறுநாள் மாமனார் ஒரு பையில் இரண்டு வேஷ்டி, சவரப் பெட்டி, ஜீரண லேகியம், ஆங்கில அகராதி எல்லாம் எடுத்து வைத்தார்.

"வந்து கூப்பிட்டா போகாம இருக்க முடியாது, இல்லையா?" என்றார் மாமியாரிடம்.

"யார் கூப்பிட்டா?" என்றார் மாமியார்.

பத்து நாள் காத்திருந்தார். ஒரு காலையில் நிஜமாகவே ஒரு போலீஸ்காரர் மாடியேறி வந்தார். மாமனார் உள்ளே போய்க் கோட்டை மாட்டி, தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதம் கிழிந்திருக்கிறது, யுத்த காலத்தில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் இறங்கிப் போய்விட்டார்.

அன்றே மாமனார் என் கணவரையும் அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நடந்ததைக் கணவர் வந்து சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வரவேற்று, சாயா வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். "உங்கள் பெயர் எங்கள் லிஸ்டில் இருக்கிறது, சாஹேப்" என்றாராம். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். "தொந்தரவு இல்லாதவர்கள் லிஸ்ட்."

வீட்டுக்கு வந்ததும் மாமனார் பையைப் பிரித்து, அகராதியைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் மாமியார் கறிகாய் வாங்கப் போனார். மார்க்கெட் வாசலில் காலேஜ் பெண்கள் கொடி பிடித்து ஊர்வலம் போக, போலீஸ் தடியோடு புகுந்தது. ஒரு பெண் கீழே விழுந்தாள். மாமியார் கறிகாய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையிலிருந்து கொடியை வாங்கிக்கொண்டு நின்றார். அவரையும் போலீஸ் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பையை மட்டும் யாரோ எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கோர்ட்டில் மாமனாரே ஆஜரானார். நான் நகல் எடுத்த மனுதான்: விஷயம் தெரியாத குடும்ப ஸ்திரீ, கொடி தற்செயலாகக் கையில் வந்தது, மிகப் பணிவுடன் மன்னிப்புக் கோருகிறாள். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல மாமியார் முழுவதும் கேட்டார்.

"இவர் சொல்றது சரியில்லை. தெரிஞ்சுதான் பிடிச்சேன்" என்றார்.

மாஜிஸ்திரேட் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தன் காகிதங்களைப் பார்த்தார். மூன்று மாதம்.

வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"அவளுக்கு என்மேல கோபமோ?"

"அப்படித் தெரியலை, மாமா" என்றேன்.

"எனக்கும் இல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அது நல்ல மனு" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நான் ரசத்துக்குப் புளி கரைப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டேன்.

மாமியார் இளைத்துத் திரும்பி வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் முதலில் அவரை விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மனு எழுதுவது நிற்கவில்லை. காபி மட்டும் ஒரு தடவையோடு நின்றது.

சுதந்திரம் வந்தபோது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற மாமியாரைக் கூப்பிட்டார்கள். மாமனாருக்குத் தனியாக அழைப்பில்லை. இருந்தும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் இருந்த தொண்டர் அவரை நிறுத்தி, நீங்கள் யார் என்று கேட்டார். மாமனார் முன்னால் போய்க்கொண்டிருந்த மாமியாரைக் காட்டினார்.

"அவா ஆத்துக்காரர்" என்றார்.