எங்கள் டீமுக்கு சீட் இல்லை

போன சனிக்கிழமை வேனில் போனவர்கள்: ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் கோச் சாந்தி மிஸ். பின்னால் கேப்டன் தர்ஷினி. அவளோடு காலேஜ் பிள்ளைகள் ஒன்பது பேர். கடைசி வரிசையில் தர்ஷினியின் அம்மா புஷ்பம் அக்கா. அன்றைக்கு அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகவில்லை. கூரையில், கயிறு போட்டுக் கட்டிய ஒரு மர பெஞ்ச்.

பெஞ்ச் எதற்கு?

அதற்கு முதல் நாள் மிஸ் போனில் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்: "நமக்கு சீட் இல்லக்கா... கஷ்டம்தான்." அக்கா விடுவாரா? கோயில் மண்டபத்து பெஞ்சைத் தூக்கி வந்துவிட்டார். கட்டியவன் நான்.

வழியில் ஏறிய மிஸ், போட்டி நடக்கும் பதுளையில் இறங்கித்தான் கூரையைப் பார்த்தார்.

"ஐயோ அக்கா! நான் சொன்னது உக்கார்ற சீட் இல்ல!"

பிள்ளைகள் சிரித்து முடிக்கப் பத்து நிமிசம் ஆனது. அப்புறம் மிஸ் விளக்கினார். கூடைப்பந்துக்கு வந்தது எட்டு டீம். போன வருசம் முதல் நாலு இடம் பிடித்தவர்களுக்கு ஒன்று முதல் நாலு வரை நம்பர். அதுதான் சீட். அவர்கள் முதல் சுற்றில் ஒருவரோடு ஒருவர் மோத மாட்டார்கள். மிச்ச நாலு டீமுக்கும் துண்டு குலுக்கி, ஆளுக்கு ஒரு பெரிய டீமோடு போடுவார்கள்.

எங்களுக்கு விழுந்தது? ஒன்றாம் நம்பர் டீம்!

"அப்ப மொதல்லயே வீட்டுக்கு அனுப்பத்தான் இந்த ஏற்பாடா மிஸ்?" என்றார் அக்கா.

"இதுல ஜெயிச்சா கடைசி நாலுல வந்துருவோம். அடுத்த வருசம் நமக்கும் சீட்."

தர்ஷினிக்கு இது கடைசி வருசம். அக்கா மகளைப் பார்த்தார்.

"நீ வெளையாடாத வருசத்துக்கா இம்புட்டுப் பாடு?"

"தங்கச்சிங்க வெளையாடுவாங்கல்லம்மா."

ஆட்டம் தொடங்கியது. எதிர் டீம் நல்ல பிள்ளைகள் ஐந்து பேரையும் வெளியே உட்கார வைத்திருந்தது. மத்தியான ஆட்டத்துக்குக் களைக்கக் கூடாதாம்!

பாதி ஆட்டத்தில் நாங்கள் 19. அவர்கள் 8.

அந்தப் பக்கம் ஒருவன் கத்தினான்: "கொழுந்துக் கூடைய கொண்டு வரலையா?"

"இல்ல தம்பி. ஒங்க கூடையிலயே நெரப்பிட்டுப் போறோம்!"

அக்காதான். கூரையிலிருந்து இறக்கிப் போட்ட பெஞ்சில் ஏறி நின்றிருந்தார்.

பிறகு அந்த ஐந்து பேரும் இறங்கினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. 25–20... 31–30... 37–37. நான்கு செக்கன் இருக்கும்போது தர்ஷினியைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ.

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே.

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார். "டிரைவர் தம்பி, நீ பாத்துச் சொல்லு."

பார்த்தேன். தர்ஷினி பந்தை மூன்று தரம் தட்டினாள். விட்டாள். பந்து வளையத்தைச் சுற்றியது... சுற்றியது...

சொல்லத் தேவையிருக்கவில்லை. கிரவுண்டே சொன்னது.

சீட் கிடைத்தால் பாதை லேசாகும், உண்மை. பக்கத்திலேயே தலையணையும் கொடுத்துவிடுகிறார்கள் போல. இந்த வாரம் நான் படித்தது இவ்வளவுதான்.

மத்தியானம் அரையிறுதியில் தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் தோற்று, நாலாவதாக வந்தோம். கால் ஓடவில்லை, பாவம். ஆனாலும் திரும்பும் வழி முழுக்கப் பாட்டுத்தான்.

தோட்டத்தில் பெஞ்சை இறக்கினேன். அதன் முதுகில் யாரோ சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தார்கள்.

4.