இங்க ஆள் வருது

விடுதியின் முதல் மாடி நடையில் அந்த அக்கா நின்றிருந்தாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை வெயில் பக்கமாக விரித்துப் போட்டிருந்தாள். நான் தோளில் பையும் கையில் வாளியும் கக்கத்தில் பாயுமாகப் படியேறிப் போனேன். மூச்சு அடங்குவதற்குள் கேட்டாள்: “எந்த ஊரு?”

சொன்னேன். சமயநல்லூரில் இறங்கி உள்ளே போகவேண்டிய சின்ன ஊர்.

“அட, அங்க எங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களே. ஊருல எந்தத் தெரு?” என்றாள். நான் பாயைக் கீழே வைப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது. “உங்களுக்குக் குலசாமி எது?”

எங்கள் பக்கத்தில் யாரும் சாதியைச் சாதி என்று கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள், தெருவைக் கேட்பார்கள், அதிலும் பிடி கிடைக்காவிட்டால் சாமியைக் கேட்பார்கள். கேட்கிற முகத்தில் சிரிப்பு இருக்கும். அன்று காலை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் என்னை வண்டியேற்றிவிடும்போது, கொத்தனார் வேலை பார்க்கும் என் அப்பா ஒன்று சொல்லியிருந்தார். “கேட்டா முழுசாச் சொல்லிரு தாயி. பாதி சொன்னா மீதிய அவங்களா வச்சுப் பேசுவாங்க.”

முழுதாகச் சொன்னேன். “காலனிக்கா. ஊருக்கு வெளிய, கம்மாய்க்கரைக்கு இந்தப் பக்கம். சாமி பேரையும் சொல்லவா, இம்புட்டு போதுமா?”

அக்காவின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் அதைவிட்டு விலகிப் போயிற்று. “அந்தக் கடைசி ரூமு” என்று கையைக் காட்டிவிட்டுக் கூந்தலை உதறினாள். என் முகத்தில் தண்ணீர் தெறித்தது. வேண்டுமென்று செய்தாளா, தெரியவில்லை. நான் துடைத்துக்கொள்ளாமல் நடந்தேன்.

எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்க வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் என்ற சொல்லைத் தடுமாறாமல் சொன்ன முதல் ஆள் நான்தான். வகுப்பில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். கரும்பலகையில் கணக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன்; கணக்கு வந்துவிட்டால் எனக்குப் பேச்சுத் துணை தேவையில்லை. மதிய வெயிலில் நாகமலை நீளப் படுத்துக் கிடப்பதைத் துறையின் வராந்தாவில் நின்று பார்ப்பேன். மலையும் மரமும் புத்தகமும் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டன. பழகாதது சாப்பாட்டுக் கூடம்தான்.

அங்கே சன்னலோரமாக மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நீள மேசை இருந்தது. அது அக்காவுக்கும் அவளைச் சேர்ந்தவர்களுக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. புதிதாக வருகிற பெண்களில் யார் அங்கே உட்காரலாம் என்பதை அவள்தான் பார்வையால் சொல்வாள். மற்றவர்களை ஒருத்தரும் விரட்டமாட்டார்கள். தட்டை வைத்தால் பக்கத்துத் தட்டு மெல்ல நகரும், அவ்வளவுதான். நகர்ந்து நகர்ந்து நாங்கள் சிலபேர், கை கழுவும் தொட்டியை ஒட்டிய மேசைக்கு வந்து சேர்ந்திருந்தோம். மேலே எச்சில் தண்ணீர் தெறிக்கும். எங்களுக்குள் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எச்சில் தெறிப்பதை ஒருத்தியாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

ஒரு காலையில் பொங்கல் தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ச் சன்னலோர மேசையில் உட்கார்ந்தேன்.

“இங்க ஆள் வருது” என்றாள் அக்கா, தட்டிலிருந்து தலை தூக்காமல்.

“வரட்டும்க்கா. வந்தா தள்ளி உக்காந்துக்கறேன்.”

“உனக்குத்தான் அங்க எடம் இருக்குல்ல?”

“இங்கயும் இருக்குக்கா.”

அவள் எழுந்தாள். அவள் எழுந்ததும் மேசையே எழுந்தது. தட்டுகளை ஏந்திக்கொண்டு எல்லோரும் வேறு பக்கம் போய்விட்டார்கள். அத்தனை நீள மேசையில் நான் ஒருத்தி. ஆனாலும் அவசரப்படாமல் மிளகைக்கூட ஒதுக்காமல் சாப்பிட்டேன். மறுநாளும் அங்கேதான் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். நாடகம் மாறவில்லை: நான் உட்கார்வேன், அவர்கள் எழுவார்கள். வைராக்கியம் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் இட்லியைச் சட்னியில் தொட்டு வாயில் வைப்பதற்கும் அது வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அப்பா போனில் “சாப்பாடெல்லாம் எப்படித் தாயி?” என்று கேட்டால், “காத்தோட்டமா உக்காந்து சாப்புடுறேம்ப்பா” என்பேன். பொய்யில்லை.

அக்கா விடுதிக் காப்பாளரிடம் போனாள். புதுப் பெண் மூத்தவர்களை மதிப்பதில்லை என்று புகார். காப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கனிவாகத்தான் பேசினார். “படிக்க வந்த எடத்துல எதுக்கும்மா வம்பு? கொஞ்சம் அனுசரிச்சுப் போ. வேணும்னா பின்னாடி பிளாக்குல ரூம் மாத்தித் தாரேன். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“மாறிக்கறேன் மேடம். எதுக்காக மாத்துறீங்கன்னு மட்டும் எழுதிக் குடுங்க.”

அவர் எடுத்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, “கிளாசுக்கு நேரமாச்சு, போ” என்றார். நான் அறை மாறவில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை, என் வகுப்பில் படித்த திண்டுக்கல் பக்கத்துப் பெண், தொட்டியோரத்து மேசைக்காரி, இட்லித் தட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். “தள்ளி உக்காரு மாப்ள. காத்து எனக்கும் வேணும்” என்றாள். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அந்த மேசையில் கேட்ட எங்கள் முதல் சிரிப்பு அது. மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அடுத்து அக்காவின் கூட்டத்திலிருந்தே இரண்டு பெண்கள், விசிறிக்காகவோ வெட்கப்பட்டோ, எழாமல் உட்கார்ந்திருந்தார்கள். தனியாகத் தட்டை ஏந்திக்கொண்டு போனவள் கடைசியில் அக்கா மட்டும்தான்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவள் எங்கள் துறையில்தான் இரண்டாம் ஆண்டு படித்தாள். ஆய்வகத்தில் அவளைப்போல் பொறுமையாகக் கருவியைக் கையாள்பவர் யாருமில்லை. முனைவர் பட்டம் வரை போவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிப் பருவம் தொடங்கியதும் ஒரு மத்தியானம் அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, பரீட்சைக்கு மட்டும் வந்து எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். நான் துணி அலசப் போனபோது குழாயடியில் அவள் முகத்தை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். கழுவக் கழுவக் கண் சிவந்துகொண்டே போயிற்று.

“ஒனக்குச் சந்தோசமா இருக்கும்ல?” என்றாள்.

“இல்லக்கா. வரலைன்னு சொல்லிருங்க.”

“எங்க வீட்ல அப்படியெல்லாம் சொல்ல முடியாது.”

“எங்கிட்ட ‘இங்க ஆள் வருது’ன்னு சொன்னீங்கள்ல, அதே கொரல்லயே சொல்லுங்க.”

அடிபட்டவள்போல என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். அவளுக்காக அன்று எனக்கு வலித்தது உண்மை. ஆனால் அந்த வலி என் கணக்கை நேர்செய்துவிடவில்லை. இரண்டையும் சேர்த்தே இத்தனை வருடமும் வைத்திருக்கிறேன்.

நான் முனைவர் பட்டம் முடித்து, இப்போது ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். சென்ற மாதம் பழைய விடுதித் தோழிகள் வாட்ஸாப்பில் குழு தொடங்கினார்கள். அக்காவும் இருந்தாள். பழைய புகைப்படம் ஒன்றைப் போட்டு, “சாதி மதம் தெரியாம ஒரே தட்டுல சாப்பிட்ட காலம்” என்று எழுதியிருந்தாள். இதயங்களும் கண்ணீர்த் துளிகளுமாகக் குவிந்தன. நான் டீயை வைத்துவிட்டுத் தட்டச்சு செய்தேன்: “எனக்குத் தெரிஞ்சுச்சுக்கா. நான் உக்காந்ததும் நீங்க எல்லாரும் தட்டத் தூக்கிட்டுப் போனீங்க. நான் தனியாத்தான் சாப்பிட்டேன்.”

திண்டுக்கல்காரி மட்டும், “நானும் பாத்தேன்” என்று போட்டாள்.

சற்று நேரத்தில் அக்கா போனில் கூப்பிட்டாள். குரல் தடித்திருந்தது. “இன்னுமா அத மனசுல வச்சிருக்க? சின்னப் புள்ளைங்க, தெரியாமப் பண்ணது.”

“தெரிஞ்சுதான்க்கா பண்ணீங்க.”

மறுமுனையில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. கெஞ்சுகிற குரலில் சொன்னாள்: “சரி, அந்த மெசேஜ மட்டும் எடுத்துரு. என் மக என் போனத்தான் எடுத்துப் பாக்குறா. அடுத்த வாரம் அவளும் காலேஜு ஹாஸ்டலுக்குப் போறா.”

“அப்பக் கட்டாயம் பாக்கட்டும்க்கா” என்றேன்.

அதை நான் அழிக்கவில்லை.