கேட்காமல் போட்ட டிக்

2005இல் மரக்காணம் பக்கத்துக் கிராமங்களில், வீட்டோடு கிடக்கும் புற்றுநோயாளிகளைப் போய்ப் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். ஒரு வேன், ஒரு டாக்டர், நான். எங்களைப் போன்ற சின்னக் குழுக்கள் சில சேர்ந்து, காசும் ஆளும் இல்லாவிட்டாலும் நோயாளிக்கு இவ்வளவாவது செய்தே ஆகவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். அது நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க, போகும் வீட்டுக்கு ஒரு தாள் நிரப்பவேண்டும். முதல் கேள்வி: "வலி எவ்வளவு என்று நோயாளியிடம் கேட்டீர்களா?"

அப்படிப் போன ஒரு வீட்டில் ஒரு அக்கா. உப்பளத்தில் உப்பு வாரியவர். மார்பில் புற்று, உடைந்து புண்ணாகியிருந்தது. வீட்டுக்குள் நாற்றம் தாங்காது. அன்று டாக்டர் வரவில்லை. வாசலிலேயே நின்று அவர் கணவரிடம் பஞ்சையும் மாத்திரையையும் கொடுத்தேன்.

"எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான் இருக்குதுங்க."

வேனில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தேன். வலி, பத்துக்கு இரண்டு என்று எழுதினேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் டாக்டர் என் தாளைத்தான் தூக்கிக் காட்டினார். "பாருங்க, ஒண்ணு விடாம பண்ணியிருக்காங்க." எல்லோரும் கைதட்டினார்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து அந்த அக்கா வீட்டுக்குப் போய், உள்ளே பாயருகில் உட்கார்ந்தேன்.

"வலி இருக்குதாக்கா?"

"படுக்கவே முடியல நர்சம்மா. உக்காந்துகினேதான் தூங்குறேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க வெளியவே நின்னுகினீங்க. நாத்தம் தாங்கல போலன்னு கூப்புடல."

என் சங்கடத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் வலியை நான் பார்க்கவில்லை.

அன்றே டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மார்ஃபின் ஆரம்பிப்போம்" என்றார். பட்டியலின் முதல் கேள்வியை அடித்துவிட்டு, "வலியைப் பற்றி நோயாளி சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதவும்" என்று மாற்றினார். காரணம் கேட்டவர்களுக்கு என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

கிருமியைக் கொல்லும் வேறொரு மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவியதில் நாற்றமும் குறைந்தது. கடைசிச் சில வாரங்கள் அந்த அக்கா படுத்துத் தூங்கினார்.

சாவுக்குப் போனபோது கணவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "இந்தம்மாதான் கிட்ட உக்காந்து பாத்துகினாங்க" என்று உறவுக்காரர்களிடம் சொன்னார். அத்தனை பேரும் என்னைக் கும்பிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.